கம்பி தெரிகிறது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏன்?

பாதிராத்திரி_ரீல் எழுதியது:

மூன்று மாதமாக எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத பழைய சாகசப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். காட்டுக்குள் தொலைந்துபோன நகரம், கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம், எரிமலைத் தீவு, மனிதக் குரங்கு. 1930களிலிருந்து 50கள் வரை அவசர அவசரமாக, கையில் காசில்லாமல் எடுத்த படங்கள்.

என்னை முதலில் பிடித்து உட்காரவைத்தது 1952இல் வந்த ‘தி ஜங்கிள்’. அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து எடுத்தது. தமிழில் ‘காடு’ என்று வந்தது. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் இவர்களோடு நம் எம்.என். நம்பியாரும் இருக்கிறார். யானைக் கூட்டம் எதைக் கண்டு மிரள்கிறது என்று பார்க்க ஒரு குழு காட்டுக்குள் போகிறது. நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: எப்போதோ அழிந்துபோன மாமத் யானைகள். நிஜ யானைகளுக்கே சடைசடையாக ரோமப் போர்வை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

போர்வை என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு யார் அளவெடுத்தார்கள், எத்தனை பேர் உட்கார்ந்து தைத்திருப்பார்கள், முதுகில் ஏற்றும்போது அது சும்மா நின்றதா என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத் தூங்கவே நேரமாகிவிட்டது.

“இதுல அப்படி என்னதான் இருக்கு?” என்று மனைவி உண்மையான அக்கறையோடு கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய ஞாபகம் என்று சொல்ல வழியில்லை, இந்தப் படங்கள் வந்து முப்பது வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன். ‘மோசமாக இருப்பதால்தான் ரசிக்கிறோம்’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களோடும் எனக்கு ஒட்டவில்லை. கேலி செய்வதற்காக யாராவது இரவு ஒரு மணி வரை விழித்திருப்பார்களா?

இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் இங்கே இருந்தால், உங்களை எது இழுக்கிறது என்று சொல்லுங்கள். சேர்ந்து யோசிக்கலாம்.


செங்காந்தள்7 எழுதியது:

எனக்கு எப்பவும் அத்தியாயம் அத்தியாயமா வந்த சீரியல்கள்தான் நண்பரே. ரிபப்ளிக் பிக்சர்ஸ் மட்டுமே 1936ல இருந்து 1955 வரைக்கும் 66 சீரியல் எடுத்திருக்காங்க. ஒவ்வொண்ணும் பன்னிரண்டு, பதினஞ்சு அத்தியாயம். வாரம் ஒரு அத்தியாயம் தியேட்டர்ல ஓடும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. ஹீரோ உள்ள இருக்கும்போதே கார் பள்ளத்துல பாயும், வெடிக்கும். அத்தியாயம் முடிஞ்சது. அடுத்த வாரம் அதே காட்சியை மறுபடி போடுவாங்க, ஆனா இப்போ நடுவுல ஒரு புது ஷாட் இருக்கும்: விளிம்புக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் கதவைத் திறந்து குதிச்சிடுவார். போன வாரம் அது இல்லவே இல்லையேன்னு பார்த்தவனுக்குச் சந்தேகம் வரும். ஆனா நடுவுல ஏழு நாள் போயிடுச்சு. எதை வச்சு நிரூபிக்கிறது? ஜனங்களோட ஞாபகத்தை நம்பியே ஒரு எடிட்டிங்! இன்னைக்கு ரெண்டு அத்தியாயத்தையும் அடுத்தடுத்து போட்டா அந்த வித்தை அப்படியே வெளியில வந்துடுது. அது வெளியில வர்ற இடத்துலதான் எடிட்டர் மேல எனக்குப் பாசமே வருது.

இன்னொண்ணு, இடங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிஃபித் பார்க் ஓரமா பிரான்சன் கேன்யன்னு ஒரு பழைய கல்குவாரி இருக்கு. 1903ல கல் எடுக்க ஆரம்பிச்ச இடம். அங்க குடைஞ்ச சுரங்க வாய்தான் கொள்ளைக்காரன் குகை, வேற்றுக்கிரகம், பாதாள ராஜ்ஜியம் எல்லாமே. ஸ்டுடியோவுல இருந்து வண்டியில போய் எடுத்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம், அதான் காரணம். பத்துப் பதினஞ்சு படம் பார்த்தப்புறம் அந்தக் குகை வாய் எனக்குப் பழகின முகம் மாதிரி ஆயிடுச்சு. புதுப் படத்துல அது வந்தா, தெரிஞ்சவங்க வாசல்ல வந்து நிக்கிற சந்தோஷம்.


ஃபிரேம்_ஃபிரேமாக எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வியை நேற்றே பார்த்தேன். அவசரத்தில் எழுத மனம் வரவில்லை, அதனால் இன்று.

நான் சினிமாவுக்கு சி.ஜி., அதாவது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வேலை பார்க்கிறவன். பதினோரு வருடம். அதில் முதல் நான்கு வருடம் எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான், ரோப் அழிப்பது. நாயகன் பறந்து வந்து அடிப்பார். அவர் இடுப்பிலிருந்து மேலே போகும் ரோப்பை ஒவ்வொரு ஃபிரேமிலும் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் ஓட்டை விழும். அதன் பின்னால் என்ன இருந்திருக்குமோ அதை, வானமோ சுவரோ மரக்கிளையோ, அங்கே வைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம். பின்னால் இலைகள் அசைந்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இரண்டு நொடிதான் தேறும். நான் செய்த வேலை நன்றாக இருந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. அதுதான் அந்தத் தொழிலின் லட்சணம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அப்படிப்பட்டவன் ஒரு நாள், 1941இல் ரிபப்ளிக் எடுத்த கேப்டன் மார்வெல் சீரியலைப் பார்த்தேன். பன்னிரண்டு அத்தியாயம். அதில் நாயகன் பறக்கும் ஷாட்டை இருபது தடவையாவது பின்னால் தள்ளிப் பார்த்திருப்பேன். முதலில் தொழில் புத்திதான், ரோப் எங்கே என்று தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தவர்கள் ஹோவர்ட் லைடெக்கர், தியோடர் லைடெக்கர் என்ற சகோதரர்கள். ஏழடி உயரத்தில் காகிதக்கூழ் பொம்மை ஒன்று செய்தார்கள். எடை ஏழு கிலோதான் இருக்கும். உடுப்பு மெல்லிய துணி, காற்றில் படபடக்க வேண்டுமே. தோளிலும் கெண்டைக்காலிலும் சின்னக் கப்பிகள். இரண்டு கம்பிகளை உயரத்திலிருந்து தாழ்வாக இழுத்துக் கட்டி, பொம்மையை அதில் விட்டார்கள். தன் எடையிலேயே அது சரிந்து போகும். மேல் நோக்கிப் பறக்க வேண்டுமானால் முதுகுத் துணியில் பாரம் வைத்துப் பின்பக்கமாகச் சரியவிட்டு, ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள்.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வெயிலை. அவர்கள் அதைத் தளத்துக்குள் எடுக்கவில்லை, வெட்டவெளியில் எடுத்தார்கள். பொம்மை மேல் அடிக்கும் வெயிலும் தூரத்து மலை மேல் அடிக்கும் வெயிலும் ஒரே வெயில். நிழல் ஒரே பக்கம் விழும். இன்று என் மேசையில் பாதி நேரம் போவது இந்த ஒன்றுக்காகத்தான். ஒரு இடத்தில் எடுத்த ஆளை இன்னொரு இடத்துப் பின்னணியில் ஒட்டி, இரண்டுக்கும் ஒரே சூரியன் என்று நம்பவைக்க நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுக்குச் சூரியன் சும்மா கிடைத்தது. அதை உபயோகிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் கட். டேவிட் ஷார்ப் என்ற ஸ்டண்ட்காரர் உயரத்திலிருந்து கைகளை விரித்துப் பாய்கிறார். கட். பொம்மை காற்றில் போகிறது. கட். நடிகர் டாம் டைலர் தரையில் நிற்கிறார். ஒரு நிஜப் பாய்ச்சல், ஒரு காகிதக்கூழ், ஒரு முகம். மூன்றையும் ஒரே ஆளாகச் சேர்ப்பது படச்சுருள் அல்ல, பார்க்கிற நம் கண். பொம்மை என்று தெரிந்தும் நம் கண் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உங்களுக்கு யானை முன்னால் நெஞ்சு படபடத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். போர்வை உங்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. தெரிந்துகொண்டே ஒரு கை கொடுத்தீர்கள்.

இனி, பல நாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம். முதல் படத்துக்கு வசூலில் பங்கு. இரண்டாவதாக ஓடும் சின்னப் படத்துக்குப் பெரும்பாலும் நிலையான வாடகை. படம் பிரமாதமாக இருந்தாலும் தயாரிப்பாளருக்கு ஒரு டாலர் அதிகமாக வராது, சொதப்பினாலும் ஒரு டாலர் குறையாது. அப்படியானால் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை. சம்பளம் ஏறாது, பேர் வராது, விமர்சகர் எழுத மாட்டார். நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால் போதும்.

உண்மையில் நிறையப் பேர் அப்படித்தான் முடித்துக் கொடுத்தார்கள். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி உயிரில்லாத படங்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்படியொரு செத்த படத்தின் நடுவில் திடீரென்று ஒரு ஷாட் வரும். பின்னணியில் வரைந்த மலைக்கோட்டையில் ஒரேயொரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரியும். அந்த விளக்கை வைக்கச் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்? இல்லாவிட்டால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? யாரோ ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். பெரிய படத்தில் அழகு இருந்தால், அதற்குக் காசு கொடுத்தார்கள், இருக்கிறது. இந்தப் படங்களில் அழகு இருந்தால் அது காசு வாங்காமல் வந்தது. நான் விழித்திருப்பது அந்த ஜன்னலுக்காக.

காசில்லாதபோது புத்தி எப்படியெல்லாம் வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1955இல் ஒரு ராட்சத ஆக்டோபஸ் படத்துக்கு ரே ஹாரிஹவுசன் பொம்மை செய்தார். ஒவ்வொரு கையையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் இம்மியளவு நகர்த்திப் படமெடுக்க வேண்டும். எட்டுக் கைக்குப் பணமும் நேரமும் இல்லை. ஆறு கையோடு செய்தார். மீதி இரண்டும் தண்ணீருக்குள் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளும்படியே எல்லா ஷாட்டையும் வைத்தார். இத்தாலியில் மாரியோ பாவா, தன் 1965ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு கிரகம் முழுவதையும், ஏதோ புராணப் படத்தில் மிச்சமான இரண்டு பிளாஸ்டிக் பாறைகளை வைத்துச் செய்தார். கண்ணாடியில் பிரதிபலிக்கவிட்டார், இடம் மாற்றி மாற்றி வைத்தார், புகை போட்டார், வண்ண விளக்கு அடித்தார். இரண்டு பாறையை இரண்டாயிரமாக்கத் தெரிந்தவரிடம் பாடம் கேட்கத்தான் நான் போகிறேன்.


நீலாம்பல் எழுதியது:

ஃபிரேம்_ஃபிரேமாக எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த ஜன்னல் விளக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை.

நானும் இந்தக் காட்டுப் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜானி வைஸ்முல்லர் டார்ஜான் வேடத்தை விட்ட பிறகு 1948இலிருந்து 1955 வரை ‘ஜங்கிள் ஜிம்’ வரிசையில் 16 படம் நடித்தார். கடைசி மூன்றில் பாத்திரத்தின் பெயரை உபயோகிக்கும் உரிமை போய்விட்டதால் தன் சொந்தப் பெயரிலேயே காட்டுக்குள் சுற்றினார். கலிஃபோர்னியாவில் காடு போட்டு ஆப்பிரிக்கா என்றார்கள். 1932 டார்ஜானிலேயே ஆசிய யானைகளுக்குப் பெரிய பொய்க்காது ஒட்டி ஆப்பிரிக்க யானையாக்கினார்கள். அதையெல்லாம் நானும் ரசிக்கிறேன். ஆனால் மூட்டை தூக்கி வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வரிசையாக வருவார்கள். ஒருவருக்கும் பெயர் இருக்காது. பாலத்திலிருந்து விழுகிறவர், முதலை வாய்க்குப் போகிறவர் எல்லாம் அந்த வரிசையில் ஒருவர்தான். அவர் விழுந்ததும் கதை ஒரு நொடிகூட நிற்காது. எனக்கு அந்த இடத்தில் படம் அறுந்துவிடும். யானைப் போர்வையை யார் தைத்தார்கள் என்று கேட்கிற மனசு, அந்த மனிதரின் பெயர் என்ன என்றும் கேட்க வேண்டாமா?

எனக்கு நிம்மதி கொடுத்தது பம்பாயின் வாடியா மூவிடோன் கம்பெனி எடுத்த படங்கள். 1935இல் ஹோமி வாடியா ‘ஹன்டர்வாலி’ எடுத்தார். நாடியா, 1908இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்தவர், முகமூடி போட்டுக் கையில் சாட்டையோடு வருகிறார். அடுத்த வருடமே ‘மிஸ் ஃப்ரான்டியர் மெயில்’, ஓடும் ரயிலின் கூரை மேல் சண்டை. டூப் போடாமல் அவரே செய்தார். 1940இல் ‘டயமண்ட் குயின்’, பெண்கள் படிக்க வேண்டும், சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று அதில் அவர் பேசுகிறார். குதிரை, சாட்டை, முகமூடி, ரயில், எல்லாம் அமெரிக்க சீரியலில் இருந்த அதே சாமான்கள்தான். ஆனால் கூரை மேல் நிற்பது யார் என்பது மாறியதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஒரு ஆளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாடியா நிற்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்காக நான் எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருப்பேன்.


ஃபிரேம்_ஃபிரேமாக எழுதியது:

நீலாம்பல், நீங்கள் சொன்னது சரி. நான் கையைப் பார்த்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டேன். மூட்டை வரிசையை இனி அப்படியே கடந்துபோக முடியாது.

இதைப் படித்ததும் எனக்கு இன்னொரு கம்பி ஞாபகம் வந்தது. நான் மேலே எழுதும்போது வேண்டுமென்றே தொடாமல் விட்டது, இப்போது எழுதிவிடுகிறேன். அந்தக் காலக் குதிரைச் சண்டைகளில் குதிரைகள் ஓடிவந்து குட்டிக்கரணம் அடித்து விழும். முன்னங்கால்களில் மெல்லிய கம்பி கட்டி, அதன் நீளம் தீர்ந்ததும் கால் இழுபட்டுத் தலைகுப்புற விழும்படி செய்வார்கள். ‘ரன்னிங் டபிள்யூ’ என்று அதற்குப் பெயர். பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி எல்லோரும் செய்தார்கள். 1939இல் வந்த ஒரு பெரிய படத்துக்காகக் குதிரையைச் செங்குத்துப் பாறையிலிருந்து தண்ணீரில் விழவைத்தார்கள், அது இறந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பில்தான் 1940இல் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது.

டேவிட் ஷார்ப் தெரிந்து பாய்ந்தார். குதிரைக்குத் தெரியாது. நான் பல வருடம் அழித்த ரோப் ஒரு மனிதரைத் தாங்கியது, இந்தக் கம்பி ஓர் உயிரைச் சாய்த்தது. முன்னது ஃபிரேமில் தெரிந்தால் எனக்கு அன்பு வருகிறது. பின்னது ஃபிரேமில் தெரியவே தெரியாது. குதிரை விழும் இடத்தில் நான் ஓட்டித் தள்ளிவிடுகிறேன், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும்.


16எம்எம்_பெட்டி எழுதியது:

சுருக்கமாக ஒரு விஷயம். இந்தப் படங்கள் நம் கைக்கு எப்படி வந்தன என்பதும் இழுப்பில் ஒரு பகுதி.

அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு, 28ஆம் வருடத்தில் உரிமையைப் புதுப்பித்திருந்தால்தான் காப்புரிமை தொடர்ந்தது. சின்னக் கம்பெனிகள் பல அதற்குள் மூடிவிட்டன, புதுப்பிக்க ஆளில்லை. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்பதால் படம் பிழைத்தது. யாருக்கும் சொந்தமில்லை என்பதால் நல்ல நெகட்டிவைத் தேடிச் சரிசெய்யச் செலவழிக்கவும் ஆளில்லை. நாம் பார்க்கும் பல படங்கள், தொலைக்காட்சிக்காகப் போட்ட 16 எம்எம் பிரின்ட்டிலிருந்து பிரதிக்குப் பிரதியாக வந்தவை. அந்த மங்கல் படத்தினுடையது அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

என்னிடம் முப்பத்துச் சொச்சம் ரீல் இருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி வாடை அடித்தால், ஃபிலிம் செய்திருக்கும் அசெட்டேட் என்ற பொருள் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஃபிலிம் சுருங்கும், நெளியும், ஒரு நாள் புரொஜெக்டரில் ஏறாது. சென்ற வருடம் அப்படி ஒன்று எனக்குப் போய்விட்டது, ஏழு அத்தியாயம் மட்டும் இருந்த ஒரு சீரியல். கடைசியாக ஓட்டும்போது கையால் தாங்கித் தாங்கி ஓட்டினேன். கதை எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது.


பாதிராத்திரி_ரீல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

ஃபிரேம்_ஃபிரேமாக, உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “காசு வாங்காமல் வந்த அழகு” என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நீலாம்பல் கேட்டதைப் பற்றி இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ‘காடு’ படத்தில் யானைக்குப் போர்வை தைத்தவர் பெயரும் எனக்குத் தெரியாது, மூட்டை சுமந்து அந்த நடையெல்லாம் நடந்தவர்கள் பெயரும் தெரியாது. இன்னொரு முறை பார்க்கப் போகிறேன், இந்தத் தடவை வரிசையின் கடைசி ஆள் வரைக்கும்.

கேப்டன் மார்வெலை எப்படிப் பார்க்கலாம்? மொத்தமாகப் பார்த்தால் அலுத்துவிடுமா?


ஃபிரேம்_ஃபிரேமாக எழுதியது:

மொத்தமாகப் பார்க்காதீர்கள். முதல் அத்தியாயம் மட்டும் அரை மணி நேரத்தைத் தொடும், மற்றவை அதைவிடச் சின்னது. ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் வாரத்துக்கு ஒன்று. செங்காந்தள் சொன்ன, ஞாபகத்தை நம்பும் எடிட்டிங் அப்போதுதான் வேலை செய்யும். பறக்கும் ஷாட் வரும்போது முதல் தடவை நிறுத்தாமல் பார்த்துவிடுங்கள். வெயிலை இரண்டாவது தடவை பார்க்கலாம்.


பாதிராத்திரி_ரீல் எழுதியது:

நேற்று முதல் அத்தியாயம் பார்த்தோம், இரண்டு பேருமாக. முடிந்த இடத்தில் அவள் “அடுத்ததை இப்பவே போடு” என்றாள். போடவில்லை. அடுத்த சனிக்கிழமைதான்.